கடைசி வீட்டுக்கு அடுத்த கதவு

காலை ஐந்தே முக்காலுக்கு எங்கள் மாடிக்குத் தண்ணீர் ஏறும். ஆறு பத்துக்கு நின்றுவிடும். இந்த இருபத்தைந்து நிமிடத்துக்குள் இரண்டு டிரம் நிரப்பி, நான்கு கோணிச் சீலைகளை நனைத்து மேற்குச் சுவர் முழுக்கத் தொங்கவிட்டு, கணவருக்கு அன்றைய குடிநீரை அளந்து வைத்து, நானும் குளித்துவிட வேண்டும். ஏழு வருடமாக இதையே செய்வதால் கைகள் தம் பாட்டுக்குச் செய்கின்றன. நான் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பதோடு சரி.

அன்று வெப்பமானி முப்பத்தாறு காட்டியது. மார்கழி மாதம். மார்கழி என்றால் குளிரும் என்று பள்ளியில் படித்த ஞாபகம். கட்டில்மேல் என் கணவர் ஆதிமூலம் ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு கண்ணை மூடிப் படுத்திருந்தார். தூங்கவில்லை. தூங்கினால் கால்விரல்கள் அசையாது. வீங்கிய கால்கள் இரண்டையும் தலையணைமேல் தூக்கி வைத்திருந்தார்.

"எவ்வளவு காட்டுது நாச்சி?" என்றார்.

"முப்பத்திநாலு."

"சரி" என்றார். காற்றளவைத் துறையில் முப்பது வருடம் வேலை பார்த்த மனிதர். தோல்மேல் படுகிற காற்றை வைத்தே அரை டிகிரி பிசகாமல் சொல்லிவிடுவார். ஆனாலும் கேட்பார். நானும் இரண்டு குறைத்துச் சொல்வேன்.

இந்தக் கோபுரம் முழுவதற்குமான குளிரூட்டிகள் வெளியே தள்ளும் சூடு எங்கள் மேற்குச் சுவரை ஒட்டித்தான் மேலே போகிறது. கணவாய்க் காற்று எங்கள் ஜன்னலுக்கு வருவதற்குள் முப்பது மாடிக்காரர்கள் அதைக் குடித்து முடித்துவிடுகிறார்கள். வைகறை நகரின் நாற்பத்தோராயிரம் வீடுகளில் இதுதான் மிக மோசமானது. கணவாய்நல்லூர் மாநகராட்சியின் குடியிருப்புக் குழுத் தலைவியாகிய நான் இங்கே குடியிருப்பதற்கு அதுதான் காரணம்.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு குடியிருப்பு ஒப்பந்தத்தில் மாநகராட்சி சார்பில் முதல் கையெழுத்துப் போடும் உறுப்பினர், அந்த ஒப்பந்தத்தால் எழும்பும் வீடுகளிலேயே கடைசித் தரத்தில் உள்ள வீட்டில், ரேஷன் அட்டையில் பெயருள்ள குடும்பத்தோடு, பத்து வருடம் குடியிருக்க வேண்டும். எது கடைசி வீடு என்பதை மனிதர்கள் முடிவு செய்வதில்லை. தரக்கணி என்று ஓர் இயந்திரம் இருக்கிறது. வெப்பம், காற்று, தண்ணீர், சத்தம், நடைதூரம் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து ஒரு கதவு எண்ணைச் சொல்லும். மேல்முறையீடு கிடையாது. ராஜினாமா செய்தாலும் வீடு விடாது. இடையில் இன்னோர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் மட்டும், பழைய கடைசி வீட்டை விட்டுப் புதிய கடைசி வீட்டுக்குப் போகலாம்.

கடல் ஏறிக் கரையூர்களை விழுங்கிய பிறகு ஓடி வந்த முதல் கூட்டத்துக்காக அவசர அவசரமாக அல்லிக்குடி நகரைக் கட்டினார்கள். அங்கே ஒரே வாரத்தில் நானூற்றுப் பதினாறு பேர் புழுங்கிச் செத்தார்கள். கையெழுத்துப் போட்டவர்கள் அந்த வாரம் மலைமேல் பங்களாவில் இருந்தார்கள். மக்கள் மாநகராட்சிக் கட்டிடத்தைச் சுற்றி ஒன்பது நாள் உட்கார்ந்து இந்தச் சட்டத்தை வாங்கினார்கள். நல்ல சட்டம். இப்போதும் அப்படித்தான் சொல்வேன். அதற்குப் பிறகு கட்டிய எந்த நகரிலும் அப்படியொரு சாவு விழவில்லை.

வைகறை நகருக்குக் கையெழுத்துப் போட்டபோது எனக்கு நாற்பத்தாறு வயது. ரோஷம் இருந்தது. முகாமில் இன்னும் தொள்ளாயிரம் குடும்பம் மிச்சமிருக்கிறது, இன்னும் ஐந்து மாடி ஏற்றினால் அவர்களுக்கும் இடம் கிடைக்கும், ஆனால் கடைசி வீடு கொதிக்கும் என்றார்கள். "நாம இருந்துக்கிடுவோம் நாச்சி" என்றார் ஆதிமூலம். கையெழுத்துப் போட்டேன். அன்று ராத்திரி சாப்பிடக்கூட மறந்து சந்தோஷமாகத் தூங்கினேன். அந்தப் பெண்ணை எங்காவது தெருவில் பார்த்தால் இப்போது எனக்கு அடையாளம் தெரியாது.

அன்று காலை கிளம்பக் கதவைத் திறந்தால் மிக்கேலம்மாள் நின்றாள். எங்களுக்கு அடுத்த கதவு. மாநகராட்சியின் கழிவுநீர் நிலையத்தில் வால்வு திறந்து மூடும் வேலை. கடலோடு போன ஒரு மீனவக் கிராமத்துக்காரி. புருஷன் இல்லை, மகளும் மருமகனும் இரண்டு பேத்திகளும் அவளோடு இருந்தார்கள். நான் திரும்பி வரும்வரை ஆதிமூலத்தை அவ்வப்போது எட்டிப் பார்ப்பது அவள்தான்.

"நீங்க போங்க மெம்பரக்கா. பத்து மணிக்குச் சீலையை நான் நனைச்சுக்கிடுதேன். அண்ணாச்சிக்கு மோர் குடுக்கலாமா?"

"அரை டம்ளர். அதுக்கு மேல கேட்டா குடுக்காத."

"கேக்க மாட்டாக. பாவம், எதையுமே கேக்க மாட்டாக."

மிக்கேலம்மாள் சும்மா வந்து எங்களுக்கு அடுத்த கதவில் விழவில்லை. சட்டம் போட்டவர்கள் நினைத்தே பார்க்காத ஒரு வழக்கம் ஊரில் முளைத்திருக்கிறது. எங்கே கவுன்சிலர் குடியிருக்கிறாரோ அங்கே லிப்ட் பழுதாகி நிற்காது, குழாய் உடைந்தால் அன்றைக்கே ஆள் வரும், விளக்கு எரியும். அதனால் கடைசி வீட்டுக்கு அண்டைக்கதவு வேண்டும் என்று மனுப் போட்டு அடித்துக்கொள்வார்கள். தரக்கணி கணக்குப்படி மிக மோசமான வீட்டுக்கு அடுத்த மோசமான வீடு அது. அதற்குத்தான் ஊரில் கிராக்கி. இந்தத் தள்ளுமுள்ளைத் தவிர்க்கத்தான், கவுன்சிலரின் கதவு எண்ணை ஒதுக்கீடு முடிந்து நூறு நாள் வரை யாருக்கும் சொல்லக் கூடாது என்று பிற்பாடு ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள்.

கார்த்திகையில் சிறுநீரக மருத்துவர் என்னைத் தனியே உட்காரவைத்துப் பேசியிருந்தார். அவர் சுற்றி வளைக்கவில்லை. "முப்பது டிகிரிக்கு மேல இன்னொரு கோடை முழுக்க இவர் இருந்தார்னா, ஐப்பசியப் பார்க்க மாட்டார்" என்றார். எங்கள் வீட்டில் சித்திரையில் நாற்பத்தொன்று. எனக்கு இன்னும் மூன்று வருடம் பாக்கி. விவாகரத்து வாங்கிக்கொண்டால் அவர் வேறிடம் போகலாம் என்றார் ஒரு வக்கீல். தனி ஆண் வீட்டுக்குக் காத்திருக்க வேண்டியது பன்னிரண்டு வருடம் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஆதிமூலத்திடம் சொன்னபோது சிரித்தார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. இப்போதெல்லாம் இரண்டும் வருவதில்லை. வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கு உள்ளங்கை காய்த்துப் போகிற மாதிரி ஏதோ ஒன்று எனக்கும் ஆகியிருந்தது.

ஆகவே அடிவார நகர் ஒப்பந்தம் வந்தபோது, முதல் கையெழுத்தை நானே போடுகிறேன் என்று குழுவில் சொன்னேன். மற்ற நான்கு உறுப்பினர்களும் கடவுளைக் கண்ட மாதிரி என்னைப் பார்த்தார்கள்.

அறுபத்திரண்டாயிரம் வீடுகள். மாநகராட்சி கொடுப்பது கணவாய் அடிவாரத்தில் எண்ணூறு ஏக்கரும், கணவாயிலிருந்து வரும் காற்றுவழியின் உரிமையும். நிலைகுடி நிறுவனம் கட்டித் தருவது வீடுகள், பதினொரு பள்ளிகள், மூன்று மருத்துவமனைகள், ஒரு கழிவுநீர் நிலையம். இயந்திரமே சுவர்களை அச்சடித்து எழுப்பும் அச்சுக்கட்டுமானம் என்பதால் மூன்றே மாதத்தில் கோபுரங்கள் எழும்பிவிடும். நிறுவனத்தின் சார்பில் பேச வந்தவர் வாகீசன். கோயம்புத்தூர்க்காரர். எதற்கும் குரல் உயராது. மறுப்பதைக்கூட ஏதோ தாம்பூலம் கொடுப்பது போலத்தான் சொல்வார்.

பள்ளிகளைப் பதினான்காக்கினேன். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நாளைக்கு நான்கு மணி நேரமாவது நேர்க்காற்று, அதாவது காற்றுப்பங்கு, எழுத்தில் வாங்கினேன். தண்ணீர் ஒரு நாளைக்கு இரண்டு வேளை. எதிலும் எனக்குக் கோபம் வரவில்லை என்பது பேரத்தில் பெரிய வசதி. எதிராளிக்குப் பிடிமானமே கிடைக்காது. மூன்றாவது நாள் பேச்சு கடைசி வீட்டுக்கு வந்தது.

"முப்பத்தி நாலரைங்க மேடம்" என்றார் வாகீசன். "கடைசி வீட்டுக்கு அதுக்குக் கீழ வராதுங்க."

"முப்பதுக்குக் கீழ வரணும்."

"ஏனுங்க மேடம், அதுக்கு நாலாயிரம் வீட்டைக் குறைக்கோணும். குறைச்சுப் போடலாமுங்களா?"

குறைக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். வைகறை நகருக்குப் பிறகு வந்த இரண்டரை லட்சம் பேர் ஆற்றங்கரை முகாமில் கூடாரத்தில் இருந்தார்கள். நாலாயிரம் வீடு என்றால் பதினாறாயிரம் பேர். நான் திட்டப்படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்து நாலரையை முப்பதாக்கக் கேட்பது நகரத்துக்காகவா, கட்டிலில் கிடக்கிறவருக்காகவா என்று என்னையே கேட்டுக்கொள்ளலாம் என்று தோன்றியது. கேட்கவில்லை.

டீ குடிக்க வராந்தாவுக்கு வந்தோம். வாகீசன் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மழை வருமா என்று கேட்கிற குரலில் சொன்னார்.

"மேற்குச் சுவரோரம், கழிவுநீர் நிலையத்துக்குப் பக்கத்துல ஒரு வரிசை இருக்குதுங்க. ஆயிரத்து நூத்தி நாப்பது கதவு. அதுதானுங்க மொத்தக் கணக்கையும் கீழ இழுக்குது."

"தெரியும்."

"அதை வீடுன்னு போடாம, பணியாளர் தங்கல்னு போட்டுக்கலாமுங்க. பதினோரு மாச ஒப்பந்தம், அப்பறம் மறுபடி பதினோரு மாசம். பதினோரு மாசத்துக்குக் குடுக்கறது சட்டப்படி வீடு இல்லீங்களே. தரக்கணி அதை எண்ணாது."

"எண்ணலைன்னா?"

"கடைசி வீடு இருபத்தி ஒம்பதரைங்க. கிழக்கே பாத்து. காத்தும் வரும்."

"வேற ஊர்ல செஞ்சிருக்கீங்களா?"

"மூணு மாநகராட்சில ஆச்சுங்க. யாரும் ஒண்ணும் கேக்கலீங்க."

டீ ஆறிப்போயிருந்தது. அதைக் குடித்து முடித்தேன். அந்த வரிசையில் சித்திரையில் என்ன வெப்பம் இருக்கும் என்று கேட்டேன். முப்பத்தொன்பது, நாற்பது இருக்கும் என்றார். செத்துப்போகிற வெப்பம் இல்லை, ஆரோக்கியமான ஆள் தாங்குவான். நானே ஏழு வருடம் தாங்கியிருக்கிறேனே என்று என் தலைக்குள் யாரோ சொன்னார்கள். என் குரல்தான்.

"ஒவ்வொரு தங்கலுக்கும் ஒரு ஈரவிசிறி" என்றேன்.

"தாராளமாப் போட்டுக் குடுத்தர்றோமுங்க" என்றார் வாகீசன். யோசிக்கக்கூட இல்லை. யோசிக்காமல் ஒத்துக்கொள்கிற எதற்கும் மதிப்பில்லை என்பது பேரம் பேசுகிறவர்களுக்கு முதல் நாளே தெரிகிற விஷயம்.

மறுநாள் குழுக் கூட்டத்தில் பதினான்காவது வட்ட உறுப்பினர் முத்துக்கருப்பன் மட்டும் அந்தப் பக்கத்தில் விரலை வைத்து நிறுத்தினார். "இதென்னக்கா, பணியாளர் தங்கல்? எந்தப் பணியாளர்?"

"நகரத்துப் பணியாளர்கள்."

"நம்ம ஆளுகளா?"

"மனுப் போடுறவங்க."

அவர் விரல் அந்த வரியிலேயே இருந்தது. அவருக்கு வயதான அம்மா உண்டு, சின்னக் குழந்தைகள் உண்டு. நான் பேனாவை மூடி வைத்தால் அடுத்து அவருடைய முறை. "நீங்க பாத்திருந்தா சரியாத்தான் இருக்கும்க்கா" என்று பக்கத்தைப் புரட்டினார். எனக்கு அவர்மேல் கோபமில்லை. நானும் அவரிடம் அதைத்தான் எதிர்பார்த்தேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து ஆதிமூலத்திடம் சொன்னேன். "புது வீடு இருபத்தொம்பதரை. கிழக்குப் பாத்த ஜன்னல்."

கண்ணைத் திறந்தார். "அறுபத்திரண்டாயிரம் வீட்டுல கடைசி வீடா?"

"ஆமா."

"அந்தக் கணவாய்க் காத்து எவ்வளவுன்னு எனக்குத் தெரியும்லா நாச்சி. அத்தனை வீட்டுக்கும் பிரிச்சா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். உதட்டுக்குள் ஏதோ கணக்குப் போட்டார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். "சரி. நீ பேசிருக்க" என்றார். எப்படி என்று அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்காமல் விட்டது எனக்குச் செய்த உதவியா, தனக்குச் செய்துகொண்ட உதவியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தை கடைசியில் அடிவார நகரின் திட்டப்படத்தை வட்ட அலுவலகச் சுவரில் ஒட்டினார்கள். எங்கள் மாடியில் அதைத் தவிர வேறு பேச்சே இல்லை. கவுன்சிலர் போய்விட்டால் இந்த மூலைக்கு இனி லிப்ட்காரன் வரமாட்டான் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு வாரம் கழித்து மிக்கேலம்மாள் கைத்திரையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"மெம்பரக்கா, நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். சொல்லக் கூடாதுன்னு சட்டம் இருக்குன்னு தெரியும். நானே கண்டுபுடிச்சிட்டேன்."

"எதை?"

"ஒங்க கதவ." திரையில் படத்தைப் பெரிதாக்கினாள். விரல் நேராக மேற்குச் சுவருக்குப் போனது. "இந்தா பாருங்க. பின்னால கழிவுநீர் டேங்கு. அந்த வாடையும் சூடும் எங்க போகும்னு எனக்குத் தெரியாதா, எத்தன வருசமா வால்வு தெறக்கேன்! காத்து இந்தக் கோபுரத்துல முட்டித் திரும்பிரும். வெயிலு மத்தியானத்துலேர்ந்து பொழுது சாய மட்டும் இந்தச் சுவத்துலதான் நிக்கும். கடைசி வரிசை, கடைசிக் கதவு. ஆயிரத்து நூத்தி நாப்பது. இத விட மோசமா அந்த நகர்லயே ஒரு வீடு இருக்க முடியாது. தரக்கணி என்ன தரக்கணி!"

அவள் கண்டுபிடித்தது முழுக்கச் சரி. இயந்திரத்தைக் கேட்டிருந்தால் அதுவும் அந்தக் கதவைத்தான் சொல்லியிருக்கும்.

"அதுக்கு முந்தின கதவுக்கு மனுப் போட்டுட்டேன்" என்றாள். "பணியாளர் தங்கல்னு போட்டிருக்கு. நான்தான் பணியாளராச்சே. போட்டியே இல்ல, எனக்கு ஒரே ஆச்சரியம். ஊருல ஒருத்தருக்கும் படம் பாக்கத் தெரியல போல. இந்த வீட்ட ஒப்படைச்சாத்தான் அது கெடைக்கும்னாக. நாளைக்கு ஒப்படைச்சிருவேன்."

அப்போது நான் பேசியிருக்க வேண்டும். நாளைக்கு என்றாளே தவிர, இன்னும் ஒப்படைக்கவில்லை. ஒரே வார்த்தை போதும். 'வேண்டாம்' என்றால் அவள் ஏன் என்று கேட்பாள். ஏன் என்பதற்குப் பதில் சொன்னால் நாளைக்குள் ஊர் முழுக்கத் தெரியும். ஒப்பந்தம் நிற்கும், தரக்கணி மறுபடியும் எண்ணும், நாங்கள் இந்தச் சுவரோடுதான் கிடப்போம். உள்ளே கட்டிலில் ஆதிமூலம் இருமினார்.

"கதவு எண்ணைப் பத்தி நான் எதுவும் பேசக் கூடாது மிக்கேலம்மா" என்றேன். சட்டம் எவ்வளவு வசதியானது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவள் கண்ணைச் சிமிட்டினாள். "அதான் சொல்லிட்டீகளே" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

மாசிக் கடைசியில் அவர்கள் போனார்கள். போவதற்கு முன் மகள்தான் கொஞ்சம் சந்தேகமாக, "வாடகைப் பத்திரத்துல பதினோரு மாசம்னு இருக்கே அத்த" என்று என்னிடம் கேட்டாள். மிக்கேலம்மாள் அவளை அதட்டினாள். "மெம்பர் பக்கத்துல இருக்கும்போது எவன்ட்டி நம்மள எழுப்புவான்?" என்றாள். பங்குனியில் நாங்களும் அடிவார நகருக்கு வந்தோம். ஆனால் கிழக்கே. மேற்குச் சுவருக்கும் எங்களுக்கும் நடுவில் நாலு கிலோமீட்டர், நூற்றுப் பத்துக் கோபுரங்கள்.

வீடு வாகீசன் சொன்னபடியே இருந்தது. காலையில் ஜன்னலைத் திறந்தால் கணவாய்க் காற்று வந்து நாள்காட்டியைப் புரட்டும். பத்தே நாளில் ஆதிமூலத்தின் கால்வீக்கம் வடிந்தது. மருத்துவர் ரத்த அறிக்கையை இரண்டு தரம் பார்த்துவிட்டு, "நல்ல வீடு" என்றார். ஒருநாள் ஆதிமூலம் எழுந்து தாமாகவே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, கீழே போய் நடந்துவிட்டு வந்தார். நான் செய்தது இதற்காகத்தான். இது நடந்தும்விட்டது. சந்தோஷம் வரும் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வழி தெரியாமல் வேறு வீட்டுக்குப் போய்விட்டது போலிருக்கிறது.

சித்திரை இருபத்திரண்டாம் தேதி, கழிவுநீர் நிலையத்தின் இரண்டாவது தொட்டியைத் திறந்து வைக்கக் குழுத் தலைவி வரவேண்டும் என்று பொறியாளர்கள் அழைத்தார்கள். வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம். அதற்குச் சொல்ல ஒரு காரணம் தேடினேன், கிடைக்கவில்லை. மத்தியானம் மூன்று மணிக்கு மேற்குச் சுவரருகே வண்டியை விட்டு இறங்கியபோது பழைய வீட்டுச் சூடு முகத்தில் அடித்தது. தோல் அதை உடனே அடையாளம் கண்டுகொண்டது.

பொத்தானை அழுத்தி, கைதட்டி, போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பும்போது வரிசையின் கடைசியிலிருந்து மிக்கேலம்மாள் ஓடி வந்தாள். இளைத்திருந்தாள். கழுத்தில் வேர்க்குரு சிவந்து கிடந்தது.

"வந்துட்டீகளா மெம்பரக்கா! அண்ணாச்சி எங்க? வண்டியில இருக்காகளா?"

"இல்ல. வீட்டுல."

"எப்படி இருக்காக?"

"நல்லா இருக்காரு."

"மாதாவே" என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். "அந்தக் கொதிக்கிற வீட்டுல இன்னும் எத்தன நாளு வச்சிருப்பீக? மாத்துறதுக்கு மூணு மாசம் தவணை உண்டுதான். அதுக்காக அவ்வளவு நாளும் இருக்கணுமா? வாங்க, வாங்க, ஒரு நிமிசம்." என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பொறியாளர்கள் வண்டியருகே நின்றுவிட்டார்கள்.

கடைசிக் கதவு. ஆயிரத்து நூற்று நாற்பது. அவளே சாவி போட்டுத் திறந்தாள். "ஒதுக்கீட்டு ஆபீஸ்காரன் இதுக்கு ஆளு கொண்டாந்தான். இது மெம்பர் கதவு, தொட்டா வேலை போயிரும்னு சொன்னேன். பயந்து ஓடிட்டான். சாவியும் என்கிட்டத்தான். வரிசையில எல்லாருக்கும் தெரியும், ஒரு பய இந்தப் பக்கம் வர மாட்டான்."

ஒரே அறை. தரை கழுவி விட்டிருந்தது. வீடு என்று எண்ணாததால் ஒரு நாளைக்கு ஒரு வேளை மட்டுமே தண்ணீர் வருகிற இடத்தில், யார் தண்ணீரில் கழுவியிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். சமையல் மேடையில் ஒரு புது மண்பானை. ஜன்னலில் கோணிச் சீலை, நாங்கள் அங்கே தொங்கவிடுகிற மாதிரியே நாலு மடிப்பாக. வடக்குச் சுவரோரம் ஒரு கயிற்றுக் கட்டில்.

"இந்த ஒரு சுவருதான் இங்க சூடு ஏறாது" என்றாள். "நாலு பக்கமும் கைய வச்சு வச்சுப் பாத்தேன். அண்ணாச்சிக்கு இங்கதான் கட்டில். எங்க வீட்டுல அந்தப் பக்கம் வெறுஞ்சுவரு, அவுக இருமுனா எனக்குக் கேக்கும். விசிறிதான் ஓடல. வரிசையில முக்காவாசி ஓடல. மனுக் குடுத்தா வாங்கவே ஆளில்ல. பரவால்ல, மெம்பர் வரட்டும், வந்த அன்னிக்கே ஆளு வந்துருவான்னு எல்லாருக்கும் சொல்லி வச்சிருக்கேன். பேத்தி சின்னவளுக்குத்தான் ரெண்டு நாளா மயக்கமா வருது. நீங்க வந்துட்டாச் சரியாப் போகும்."

எனக்கு வெட்கமாக இருந்தது. உடம்பெல்லாம் எரிகிற வெட்கம். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு எனக்கென்று வந்த முதல் உணர்ச்சி அதுதான். இன்னும் நல்லதாக ஒன்று வந்திருக்கலாம். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். காலையில் ஆதிமூலம் தாமாகப் பொத்தான் போட்டுக்கொண்டு நின்றது கண்முன் வந்தது.

"எப்ப வாறீக?" என்றாள் மிக்கேலம்மாள்.

"அக்கினி நட்சத்திரம் கழியட்டும்" என்றேன்.

அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. வாசலுக்குப் போய், இரண்டு கையையும் வாயில் குவித்து, கடலில் படகுக்காரர்களைக் கூப்பிடுகிற குரலில் கத்தினாள். "ஏய், அக்கினி கழிஞ்சதும் மெம்பர் வாராக! இங்கதான் வாராக!"

கதவுகள் திறந்தன. ஈரத்துணியைத் தலையில் போட்டுக்கொண்டு ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். யாரோ கைதட்டினார்கள். பக்கத்துக் கதவு அடுத்த கதவுக்குச் சொன்னது, அது அதற்கடுத்த கதவுக்கு. ஆயிரத்து நூற்று நாற்பது கதவுகளைத் தாண்டி அந்தச் செய்தி முனைவரை போய்ச் சேர வெகு நேரம் ஆயிற்று. நான் வண்டியில் ஏறாமல் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.